ஆகும்ங்க தொரை

எங்கள் எஸ்டேட்டில் ஒரு தடவை தொழிற்சங்கத் தேர்தல் வந்தபோது, எதிரும் புதிருமாக நின்ற இரண்டு சங்கங்களின் பட்டியலிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தது. இரண்டு தரப்பும் தனித்தனியே போய், "நம்ம பட்டியல்ல நிக்கறீங்களா பிட்டரே?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் அவர், "நிக்கிறேங்க" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு தாளும் அறிவிப்புப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறிய காலையில், ஆள் எண்ணும் பெரட்டுக் களமே சிரித்தது. அவர் மட்டும் தேயிலை உருட்டும் எந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, சாயங்காலச் சங்கு ஊதும்வரை வெளியே வரவில்லை.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற அளவுக்கு மனசு இன்னும் ஆறவில்லை. ஃபேக்டரி எந்திரங்களையும் எஸ்டேட் வண்டிகளையும் பழுது பார்க்கிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பிட்டர். எனக்கும் என் தம்பிக்கும் பிட்டரண்ணா. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஆணியிலிருந்து டிராக்டர் டயர் வரை என் ஜன்னல் வழியாகத்தான் வெளியே போகும். அப்பா போன பிறகு, அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அன்னூரிலிருந்து மலையேறி வந்து, குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் சேர்ந்தவள். தம்பி அங்கேயே டிரைவரானான். எங்களுக்கு அந்த மலையில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாதபோது, வந்த முதல் வாரமே எங்கள் வீட்டு ஒழுகும் குழாயைத் தானாக வந்து சரி செய்துவிட்டுப் போனவர் அவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆள் ஒல்லி. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு திருப்புளியும் பீடிக்கட்டும் இருக்கும். யாராவது எதையாவது கேட்க வாயெடுத்தால், கேள்வி முடிவதற்கு முன்பே அவர் தலை ஆட ஆரம்பித்துவிடும். "ஞாயித்துக்கெழம நம்மூட்டு கிரைண்டரப் பாக்கறீங்களா?" "பாக்கறேங்க." "பாப்பா சைக்கிளு?" "கொண்டாங்க." "கோயில் மைக் செட்டு கரகரங்குதுங்க." "வாறேங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். அவர் மனைவி என் ஜன்னலுக்கு வந்து புலம்புவார்: "ஸ்டோரம்மா, எல்லாருக்கும் ஞாயித்துக்கெழமைக்கு ஒரு பகலு. இவருக்கு மட்டும் ஆண்டவன் அஞ்சு பகலு குடுத்திருக்கானாம்."

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஐந்து வீட்டுக்கும் அவர் போய்விடுவார் என்பதுதான். பொழுது சாய்ந்து, ஐந்தாவது வீட்டுக்காரர் நம்பிக்கை இழந்து கதவைச் சாத்தும் நேரத்தில் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கால் விழுந்தபோது, "ஏனுங்கண்ணா, சக்கரம் வெச்ச நாற்காலி மாதிரி ஒண்ணு பண்ண முடியுமுங்களா?" என்று நான் பேச்சுவாக்கில் கேட்டேன். பங்களாவில் மூலையில் கிடந்த பழைய குழந்தை வண்டியின் சக்கரங்களை வாங்கி, ஒரு பிரம்பு நாற்காலிக்கு மாட்டி, மூன்றாம் நாள் தள்ளிக்கொண்டே வந்தார். கை வைக்கும் இடத்தில் துணி சுற்றித் தைத்திருந்தார். அது அவர் மனைவியின் வேலை. அம்மா சாகும்வரை அதில் உட்கார்ந்துதான் வெயில் காய்ந்தாள். "பிட்டரு வந்தாரா, காப்பி குடுத்தியா?" என்று தினமும் கேட்பாள்.

அவர் வாய் எதற்கும் சரி என்று சொல்லிவிடும். அந்தச் சரியை அவர் கை எப்படியோ பாடுபட்டு உண்மையாக்கிவிடும். இத்தனை வருடமும் அவருடைய கைதான் அவர் வாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் சொன்னால் நடக்கும் என்று நம்பிவிட்டோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரே சொன்னார். வழக்கம்போல் என் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, டீ குடித்துக்கொண்டே சொன்னார். சிறு வயதில் அவர்கள் குடும்பம் சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தது. இந்தியாவுக்குப் போகிறவர் யார், அங்கேயே தங்குகிறவர் யார் என்று பதிந்துகொள்ள ஒரு அதிகாரி வந்து, மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பாவின் முறை வந்தபோது, தலையைத் தூக்காமலே, "இந்தியாவுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறான்.

"எங்கப்பாவுக்கு வர மனசே இல்லை ஸ்டோரம்மா. அங்கனயே பொறந்து வளந்த மனுசன். இங்க யாரத் தெரியும்? ஆனா, 'ஆமாங்கையா'ன்னு சொல்லிட்டாரு. லயத்து வீட்டுக்கு வந்து எங்கம்மாக்கிட்ட கதைச்சப்பத்தான் அவருக்கே வெளங்கியிருக்கு, என்னா சொன்னோம்னு. அம்மா மாரடிச்சு அழுதிச்சி. போயி மாத்திச் சொல்லுங்கன்னிச்சி. போறேன்னாரு. போகல."

"ஏனுங்க போகலை?"

"அந்த ஐயா கோவிச்சுக்கிட்டா?" என்றார் பிட்டர். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு குடும்பமே கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, இந்தக் குளிரில் வந்து விழுந்ததை ஒரு வேடிக்கைக் கதையாக அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பழைய முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட, கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார். நாற்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர், கொழுந்துக்காரிகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவருக்குப் பழைய கார் பைத்தியம். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த நீலக் கார் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பின்பக்கம் இரண்டு இறக்கை, முன்பக்கம் பல்லெல்லாம் தெரிகிற மாதிரி குரோமியம். எஸ்டேட் பிள்ளைகள் அதற்குப் படகு என்று பெயர் வைத்தார்கள். கோடை சீசனில் ஊட்டியில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டி, பரிசு கொடுக்கும் நாளுக்குள் அது ஓட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. ஓட்டப்போகிறவன் என் தம்பி. அவன் அந்தக் காரைத் துடைத்த மாதிரி தன் முகத்தைக்கூட ஒருநாளும் துடைத்ததில்லை.

என்ஜினை பிட்டர் உயிர்ப்பித்துவிட்டார். பிரேக்கும் சரியானது. மிஞ்சியது முன் சக்கரம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் என் ஜன்னலில் வைத்துக் காட்டியதுதான். சக்கரத்தை மேலே பிடித்துக்கொண்டிருப்பது ஒரு இரும்புக் கை. அதன் நுனியில் பால் ஜாயின்ட். ஒரு குண்டு, அது உருளுவதற்கு ஒரு கிண்ணம். சக்கரம் திரும்புவதும் மேலே கீழே ஆடுவதும் இதை வைத்துத்தான். மற்ற வண்டிகளில் இதை நட்டு போல்ட் போட்டு மாட்டுவார்கள். இந்தக் காரில் ஜாயின்ட்டின் உடம்பிலேயே திருகுமரை வெட்டியிருந்தது. பாட்டிலுக்கு மூடி போடுவதுபோல அந்தக் கைக்குள் திருகி ஏற்ற வேண்டும்.

"ஆனா மூடி மாதிரி லேசா ஏறக் கூடாது ஸ்டோரம்மா. நாலடி பைப்பை மாட்டி, ரெண்டு பேரு தொங்குனாத்தான் ஏறணும். அப்பத்தான் அது கொண்டை ஊசி வளைவுல நிக்கும். லேசா ஏறிச்சுன்னா, அந்த இரும்புக் கையில மரை செத்துப் போச்சுன்னு அர்த்தம். கையையே மாத்திப்புடணும். வேற வழி கெடையாது."

இதைத் தெளிவாகச் சொன்னவர் அவரேதான். புது ஜாயின்ட் இரண்டும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்து, என் ஸ்டோரில்தான் இறங்கின. வலது பக்கம் அவர் சொன்ன மாதிரியே நடந்தது. ஆறுமுனைக் குழாயை அறுத்து அதற்கென்று ஒரு ஸ்பானர் செய்து, பைப் மாட்டி, அவரும் தம்பியும் தொங்கினார்கள். முனகிக்கொண்டே ஏறி இறுகியது. தம்பி உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்து எனக்குப் பெருமையாகக் காட்டினான்.

இடது பக்கத்து இரும்புக் கையைக் கழற்றி, கழுவி, என் ஜன்னலுக்கே எடுத்துக்கொண்டு வந்தார். புது ஜாயின்ட்டை அதில் வைத்து, இரண்டு விரலால் திருகினார். அது சத்தமில்லாமல் கடைசிவரை போய் உட்கார்ந்தது. திரும்பக் கழற்றி, திரும்பத் திருகினார். எத்தனை பேர் எத்தனை தடவை மாற்றிய காரோ, அந்தப் பக்கத்து மரை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"பாத்தீங்களா? கையிலயே போகுது."

"அப்ப இது ஆகாதுங்களாண்ணா?"

"ஆகாதுங்க. புதுக் கையி வேணும். எழுதிப் போட்டு வந்து சேர நாலு மாசம் சுணங்கும்."

ஊட்டிக்குப் போக வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். அன்று அவர் கேட்டதை நான் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். ஏழு வருடமாக அதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்!

"என்னங்க பிட்டரே, அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு வண்டி ஆயிருமுங்களா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. நான் சும்மா போயி வேடிக்கை பாத்துட்டு வந்தர்றேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம். ஒண்ணும் கோவமில்லீங்க."

இதைவிட ஒரு மனிதன் எப்படிக் கேட்பான்? கதவைத் திறந்து வைத்து, வழியையும் விட்டு நின்றார். மிரட்டியிருந்தால்கூட நான் பிட்டரை மன்னித்திருப்பேன். அவர் கையில் அந்த இரும்புக் கை இருந்தது. இரண்டு விரலால் ஏறிய ஜாயின்ட் அதிலேயே இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். முதலாளி முகத்தைப் பார்த்தார். தலை ஆட ஆரம்பித்தது.

"ஆகும்ங்க தொரை."

நான் அங்கேதான் இருந்தேன். இரண்டடி தள்ளி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம். "இப்பத்தானுங்க ஆகாதுன்னு சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிட்டரின் கை ஏதாவது வழி கண்டுபிடிக்கும் என்று நினைத்தேன். தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தான் என்பதையும் நினைத்தேன். முதலாளி முன்னால் ஸ்டோர்க்காரிக்கு என்ன பேச்சு என்றும் நினைத்தேன். மூன்றையும் நினைத்துக்கொண்டு பேனாவை மூடினேன். பிட்டரைத் திட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

மலையில் எது உடைந்தாலும் வெல்டிங் வைப்பார்கள். கொழுந்து லாரியின் கொக்கியா, பங்களா கேட்டா, ட்ராலியின் அச்சா, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். கீழே கோயமுத்தூருக்கு அனுப்பிச் சாமான் வாங்கி வருவதற்குள் கொழுந்து முற்றிவிடும் என்று தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பிட்டரும் அதைத்தான் செய்தார். ஜாயின்ட்டைத் திருகி உட்கார வைத்து, சூடு உள்ளே போய் குண்டைக் கெடுக்கக்கூடாது என்று ஈரச் சாக்கைச் சுற்றி, விளிம்பில் நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்தார். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பார்க்க வலது பக்கத்தைவிட அழகாக இருந்தது.

ஓட்டிப் பார்த்த அன்று தம்பி கேட்டான்: "அண்ணா, லெப்ட்ல திரும்பறப்ப டக்குனு ஒரு சத்தம் வருதுங்க. பரவால்லீங்களா?"

"பரவால்லப்பா."

"சத்தம் நின்னுருமுங்களா?"

"நின்னுரும்."

தம்பி என்னிடம் வந்து, "பிட்டரண்ணாவே சொல்லீட்டாருக்கா" என்றான். நான் தலையை ஆட்டினேன். நானும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஊட்டியில் படகுக்குக் கோப்பை கிடைத்தது. திரும்பும்போது முதலாளி தன் வண்டியில் முன்னால் வந்துவிட்டார். அவருடைய மாமனார், எழுபது தாண்டிய பெரியவர், ஆசைப்பட்டு அந்த நீலக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். எல்லாச் சாலையும் தாண்டி, எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்து, மூன்றாவது வளைவில் இடது முன்சக்கரம் படுத்துவிட்டது. ஜாயின்ட் வெல்டிங்கைப் பிய்த்துக்கொண்டு இரும்புக் கையிலிருந்து வெளியே வந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தம்பிக்கு வலது முழங்கால் நொறுங்கிப் போனது. அந்த வளைவில் சைக்கிள்கூட வேகமாகப் போக முடியாது. ஏற்றம், அதோடு கல் பெயர்ந்த பாதை.

தம்பி குன்னூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. கோப்பை வாங்கிய குஷியில் பையன் வேகமாக வந்துவிட்டான் என்று. பெரியவர் படுக்கையில் கிடந்தார். முதலாளி வீட்டில் யார் மேலாவது பழி விழுந்தாக வேண்டும். வாக்குமூலம் வாங்க முதலாளி தரப்பில் ஒரு வக்கீல் வரப்போவதாகச் சொன்னார்கள். தம்பி மேல் தப்பு என்று எழுதிவிட்டால் வேலை போகும், லைசென்ஸ் போகும், அவன் பெயரில் இருந்த குவார்ட்டர்ஸ் போகும். அவன் டிரைவர் என்பதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க ஆசைப்படாதவன்.

வக்கீல் வருவதற்கு முதல் நாள், ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் நேராக பிட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் எழுந்து நின்று, நான் உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணா, நீங்க பாத்ததச் சொன்னாப் போதுமுங்க. மரை போயிருந்துச்சு, வெல்டிங் வெச்சுத்தான் ஓட்டுனதுன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். சொல்லுவீங்களா?"

"சொல்றேன் ஸ்டோரம்மா."

"சத்தியமாச் சொல்லோணுமுங்க."

"சத்தியமாச் சொல்றேங்க."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இவரு வாயை நம்பிப் போகாதீங்க ஸ்டோரம்மா. இப்பவே ஒரு காயிதத்துல எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க" என்றார். சொந்தப் புருசனைப் பற்றி ஒரு பெண் இப்படிச் சொல்கிறாள் என்றால் அவளுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். என் கைப்பையில் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. அம்மாவுக்கு நாற்காலி செய்து கொடுத்த மனிதரிடம் கையெழுத்து வாங்குவதா என்று கூச்சப்பட்டேன். "வேண்டாமுங்கக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என் வாழ்க்கையில் நான் பட்ட கூச்சங்களிலேயே கேடுகெட்ட கூச்சம் அதுதான்.

மறுநாள் வக்கீல் முதலில் என்னைக் கூப்பிட்டார். விரலால் திருகியதிலிருந்து வெல்டிங் வரை சொன்னேன். பாதியில், "நீங்க டிரைவரோட அக்காதானுங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் நான் சொன்ன எதையும் அவர் எழுதவில்லை. பிட்டரை வரச் சொன்னார்கள். ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"வண்டிய நீங்கதான் ரெடி பண்ணுனீங்க?"

"ஆமாங்க."

"நல்ல கண்டிஷன்லதான குடுத்தீங்க?"

"நல்ல கண்டிஷன்லதாங்க."

"உங்க வேலைல கொறை ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அப்ப டிரைவர் வேகமா வந்திருப்பாரு."

பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை, இந்த மனுசன் வாயிலிருந்து ஒரே ஒரு இல்லை வந்துவிடாதா என்று என் உடம்பெல்லாம் காதாக நின்றேன்.

"வந்திருப்பாருங்க" என்றார் பிட்டர்.

அந்த வக்கீல் கெட்டிக்காரர் இல்லை. தான் கேட்ட மாதிரிதான் பதில் வரும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. "மரை தேஞ்சிருந்துச்சா?" என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆமாங்க வந்திருக்கும். எஸ்டேட்டில் பலரும், பிட்டர் தன் தலை தப்பிக்கப் பொய் சொல்லிவிட்டார் என்றார்கள். ரிட்டையராக எட்டு மாதம்தான் இருந்தது. அப்படித் திட்டம் போட்டுப் பொய் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக வெறுத்துவிட முடியும். அன்று மத்தியானம் அவர் சோறு உண்ணாமல் தேயிலை உருட்டும் எந்திரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக் கிடந்தார். வெளியே வரட்டும், கேட்கலாம் என்று நான் சங்கு ஊதும்வரை அங்கேயே நின்றேன். அவர் வரவில்லை.

தம்பிக்கு வேலை போனது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். முழங்கால் மடங்காது என்று ஆன பிறகு லைசென்ஸைப் பற்றிப் பேசவே இடமில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை எழுதுகிறான். நான் குன்னூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு வந்துவிட்டேன். முதல் ஒரு வருடம் தம்பி கோபமாக இருந்தான். அதை என்னால் தாங்க முடிந்தது. அப்புறம் ஒருநாள் போனில், "நான் நெசமாலுமே வேகமாத்தான் வந்தனோ என்னமோக்கா. எனக்கே ஞாபகம் வரமாட்டேங்குது" என்றான். பிட்டரண்ணா பொய் சொல்ல மாட்டார் என்று அவனுக்கு இன்னமும் ஒரு நினைப்பு. அந்தப் பெரியவரின் இடுப்பை உடைத்தது தான்தான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு பேச்சில் இதைக் கேட்டுவிடுவான். நான் இல்லை என்று எத்தனை சொன்னாலும், "நீ அக்கா, அப்படித்தான் சொல்லுவே" என்பான்.

போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பிட்டரைப் பார்த்தேன். இன்னும் ஒல்லியாகியிருந்தார். கையில் ஒரு துணிப்பை; அதற்குள் யார் வீட்டு மிக்ஸி ஜாரோ. பந்தலூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம், மாத்திரை வாங்க வந்தாராம். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பிக்கொண்டு போய்விடத்தான் நினைத்தேன். கால் போகவில்லை.

"அண்ணா, அன்னைக்கு அந்தப் பக்கம் மரை போயிருந்துச்சு, இல்லீங்களா?"

"போயிருந்துச்சு ஸ்டோரம்மா. கையிலயே போச்சு."

"அது தெரிஞ்சுதான வெல்டிங் வெச்சீங்க?"

"தெரிஞ்சுதாங்க வச்சேன்."

"அப்ப என் தம்பி மேல தப்பில்லீங்களே?"

"இல்லைங்க. தங்கமான புள்ள. அது மேல என்னா தப்பு?"

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருடமாக இந்த நாலு வார்த்தைக்குத்தான் நானும் அவனும் காத்துக் கிடந்தோம். "இதை அவன்கிட்ட உங்க வாயால சொல்லுங்கண்ணா. அவன் உங்க பேச்சைத்தான் நம்புவான்" என்றேன். "சொல்றேங்க" என்றார். போனை எடுத்துத் தம்பி நம்பரை அழுத்தினேன். மணி அடிக்க ஆரம்பித்தது.

போனை அவரிடம் நீட்டப் போனவள், அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டதற்கெல்லாம் ஆடுகிற தலை. கலங்கிய கண். யார் மனமும் கோணக்கூடாது என்கிற அந்தப் பரிதாபமான பார்வை. நான் அழுதுகொண்டு நின்றேன், அதனால் எனக்கு வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றிக் கேட்டேன்.

"ஆனாலும் அன்னைக்கு அவன் கொஞ்சம் வேகமாத்தான் வந்திருப்பான், இல்லீங்களாண்ணா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"வந்திருப்பாருங்க ஸ்டோரம்மா."

அதற்குள் அந்தப் பக்கம் தம்பி எடுத்துவிட்டான். "என்னக்கா, இந்நேரத்துல?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?" என்றேன்.